29 வேட்பாளர்கள், 190 சின்னங்கள்: ரெண்டு பேர் ஒண்ணையே கேட்க வாய்ப்பு எவ்வளவு?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டீக்கடை. நாலு ஃப்ரெண்ட்ஸ் உள்ளே வர்றாங்க. கடையில டீ, காபி, பால், பூஸ்ட் என நாலே ஐட்டம். ஒருத்தர் என்ன சொல்லப் போறார்னு இன்னொருத்தருக்குத் தெரியாது. நாலு பேரும் நாலு வெவ்வேறு ஐட்டம் சொல்ல வாய்ப்பு எவ்வளவு?

ஆளும் நாலு, ஐட்டமும் நாலு. அதனால ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சு வர பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருக்கும்னு மனசு சொல்லும். உண்மையில் அது 10 சதவீதம் கூட இல்லை. 9.4 சதவீதம்தான். நூறு முறை இப்படி நாலு பேர் வந்தால், சுமார் 91 முறை குறைந்தது ரெண்டு பேர் ஒரே ஐட்டத்தைத்தான் சொல்வார்கள். (எல்லாரும் டீதான் சொல்வாங்க என்பது வேற விஷயம். அதுக்குப் பிறகு வர்றேன்.)

டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு என்று எந்த ஆப்டிட்யூட் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த ரகக் கணக்கு ஒண்ணாவது இருக்கும். 'ஒரு குழுவில் குறைந்தது இருவர் ஒரே தேர்வைச் செய்ய நிகழ்தகவு என்ன?' விஸ்காம் படிச்ச என்னை மாதிரி ஆட்கள் அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிட்டுப் போயிடுவோம். ஆனா விழுப்புரம் மாவட்டத்தில் ஒவ்வொரு தேர்தலிலும் இந்தக் கணக்கு நிஜமாகவே நடக்குது. கலெக்டர் ஆபீஸிலோ தாலுகா ஆபீஸிலோ சின்னம் ஒதுக்கும் நாளில், சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்குவது இதனால்தான்.

முதல்ல டீக்கடைக் கணக்கை முடிச்சிடலாம்

குறைந்தது ரெண்டு பேர் ஒத்துப்போவதை நேரடியாக எண்ணப் போனால் தலை சுற்றும். ரெண்டு பேர் ஒத்துப்போகலாம், மூணு பேர், நாலு பேர், இல்லாட்டி ரெண்டு ரெண்டாக ஜோடி சேரலாம். அதனால தலைகீழாகப் போகணும். யாருமே ஒத்துப்போகாத வாய்ப்பைக் கண்டுபிடிச்சு, 1-லிருந்து கழிச்சிடணும். இந்த ரகக் கணக்கு எல்லாத்துக்கும் இதுதான் சாவி.

முதல் ஆள் எதை வேணாலும் சொல்லலாம், 4-க்கு 4. ரெண்டாவது ஆள் அதைத் தவிர மற்ற மூணில் ஒண்ணைச் சொல்லணும், 4-க்கு 3. மூணாவது ஆளுக்கு 4-க்கு 2. நாலாவது ஆளுக்கு 4-க்கு 1. எல்லாத்தையும் பெருக்கினால் 256-க்கு 24. அதுதான் 9.4%. மீதி 90.6% ஏதோ ஒரு பொருத்தம் வரும் வாய்ப்பு.

தேர்வில் பலரும் கோட்டை விடும் இடம் 'குறைந்தது' என்ற சொல். 'சரியாக ஒரு ஜோடி மட்டும் ஒரே ஐட்டம், மற்ற ரெண்டு பேரும் வேற வேற' என்று கேட்டால் விடை 90.6% இல்லை. அந்த ஜோடியை 6 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம், ஜோடிக்கு ஐட்டம் 4 விதம், மற்ற ரெண்டு பேருக்கு 3 × 2 = 6 விதம். மொத்தம் 144. அதாவது 56.25%. ரெண்டு ஜோடியாகப் பிரிவது 36 விதம், மூணு பேர் ஒண்ணு, ஒருத்தர் மட்டும் தனி என்பது 48 விதம், நாலு பேரும் ஒண்ணே என்பது 4 விதம். யாரும் ஒத்துப்போகாத 24-ஐயும் சேர்த்துக் கூட்டிப் பாருங்க: 144 + 36 + 48 + 4 + 24 = 256. கூட்டல் டேலி ஆனால்தான் எதையும் ரெண்டு முறை எண்ணலை, எதையும் விடலைன்னு உறுதி ஆகும். நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வில் இந்த பத்து செகண்ட் செக் பண்றது நல்லது.

விக்கிரவாண்டியில் 29 பேர்

இப்போ நிஜத்துக்கு வருவோம். 2024 ஜூலை 10-ம் தேதி விக்கிரவாண்டி இடைத்தேர்தல். களத்தில் 29 வேட்பாளர்கள். ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் 16 பட்டன்தான். நோட்டாவையும் சேர்த்தா 30 ஆகும் என்பதால் ரெண்டு இயந்திரங்களை இணைச்சு வைக்க வேண்டிய நிலை. திமுகவின் அன்னியூர் சிவா 67,757 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அந்த 29 பேரில் யாராவது ரெண்டு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வர வாய்ப்பு எவ்வளவு? அவங்க வேட்புமனுவைத் தேடிப் போகத் தேவையில்லை, அதே டீக்கடைக் கணக்குதான். ஐட்டம் 365, ஆள் 29. விடை 68%. 23 பேர் சேர்ந்தாலே 50%-ஐத் தாண்டிடும். கேட்கிறவங்க யாரும் முதல் தடவை நம்ப மாட்டாங்க. நானும் நம்பலை.

ஏன் நம்ப முடியலைன்னா, நாம் எல்லாரும் 'என் பிறந்தநாளோடு யாருக்காவது ஒத்துப்போகுமா'ன்னு மனசுக்குள்ளே கேள்வியை மாத்திடுறோம். அது முற்றிலும் வேற கேள்வி. 29 பேரில் ஒருத்தர் நீங்கன்னு வைங்க. மற்ற 28 பேரில் யாருக்காவது உங்க பிறந்தநாள் இருக்க வாய்ப்பு சுமார் 7.4% மட்டுமே. ஆனா 'யாராவது ரெண்டு பேர்'னு கேட்டால் பார்க்க வேண்டியது 28 ஜோடியை இல்லை. 29-ஐயும் 28-ஐயும் பெருக்கி ரெண்டால் வகுத்தால் 406 ஜோடி. ஆள் எண்ணிக்கை மெதுவா ஏறும்போது ஜோடி எண்ணிக்கை எகிறுது. மொத்த ரகசியமும் அந்த எகிறலில்தான் இருக்கு.

பிறந்தநாள் கணக்கில் இன்னொரு நம்ம ஊர் சிக்கல் உண்டு. ஸ்கூலில் சேர்க்கும்போது வயசு சரிப்படுத்த, மே, ஜூன் மாதங்களில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிடும் பழக்கம் ஒரு தலைமுறைக்கு முன் சகஜம். சான்றிதழ்ப்படி பார்த்தால் பொருத்தம் இன்னும் அதிகமாத்தான் வரும்.

சரி, சின்னத்துக்கு வருவோம்

அங்கீகாரம் பெற்ற கட்சிக்குச் சின்னம் ஏற்கெனவே நிரந்தரம். சுயேச்சைகள் என்ன செய்வாங்க? தேர்தல் ஆணையம் வெளியிடும் சுயேச்சை சின்னங்கள் பட்டியலில் இருந்து மூணு சின்னத்தை முன்னுரிமை வரிசையில் வேட்புமனுவிலேயே எழுதித் தரணும். இதுக்கான விதிகள் 1968-ம் ஆண்டு தேர்தல் சின்னங்கள் ஆணையிலும், 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளிலும் இருக்கு.

விக்கிரவாண்டியில் திமுகவுக்கு உதயசூரியன், பாமகவுக்கு மாம்பழம், நாம் தமிழருக்கு மைக். மிச்சம் 26 பேர். பட்டியலில் எத்தனை சின்னம் என்பது அவ்வப்போது மாறும். நம்ம கணக்குக்கு 190 என்று வைத்துக்கொள்வோம். 26 பேரும் சிறு கட்சி, சுயேச்சை வித்தியாசம் இல்லாமல் அதே பட்டியலைப் பார்த்து, ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல், கண்ணை மூடிட்டு ஒண்ணைத் தொட்டாங்கன்னும் வைங்க. முதல் விருப்பத்திலேயே மோதல் வர வாய்ப்பு எவ்வளவு?

முதல் ஆளுக்கு 190-க்கு 190, அடுத்தவருக்கு 190-க்கு 189 என்று இறங்கிக்கொண்டே வந்து 26-வது ஆளுக்கு 190-க்கு 165. பெருக்கினால் சுமார் 0.17. அதாவது எல்லாரும் தனித்தனி சின்னம் கேட்க 17%தான் வாய்ப்பு. 83% சதவீத வாய்ப்பில் எங்கேயோ ஒரு மோதல் உறுதி. சின்னம் 190 இருந்தும்!

26 பின்னங்களைப் பெருக்க மொபைல் கால்குலேட்டரில் பொறுமை இல்லைன்னா ஒரு குறுக்குவழி. ஜோடிகளை எண்ணுங்க: 26 × 25 ÷ 2 = 325. ஒவ்வொரு ஜோடியும் மோத 190-க்கு 1 வாய்ப்பு. 325-ஐ 190-ஆல் வகுத்தால் 1.7. அதாவது சராசரியாக இப்படிப்பட்ட ஒரு தேர்தலில் ஒண்ணே முக்கால் ஜோடி மோதும்னு எதிர்பார்க்கலாம். இந்த எண் 1-ஐத் தாண்டிட்டாலே மோதல் இல்லாமல் தப்பிப்பது கஷ்டம்னு புரிஞ்சிக்கலாம். பாதி வாய்ப்பு எங்கே வரும்னு தெரியணுமா? ஐட்டம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 1.2-ஆல் பெருக்குங்க. 365-க்கு 23 வரும். 190-க்கு 16.5, அதாவது 17 பேர்.

மோதினால் என்ன ஆகும்? இங்கேதான் கணிதத்தை விட்டு சட்டத்துக்குள் போகணும். எல்லா மோதலுக்கும் குலுக்கல் கிடையாது. ஒரே சின்னத்தைக் கேட்பவர்களில் ஒருத்தர் மட்டும் பதிவு செய்யப்பட்ட, ஆனால் அங்கீகாரம் பெறாத கட்சியின் வேட்பாளர், மற்றவங்க எல்லாரும் சுயேச்சை என்றால், சின்னம் கட்சிக்காரருக்குப் போயிடும். கேட்பவர்கள் எல்லாரும் சுயேச்சை, அதில் ஒருத்தர் பதவியில் இருக்கும் எம்எல்ஏ அல்லது எம்பி, போன முறை அதே சின்னத்தில் நின்றவர் என்றால் அவருக்கு. அப்படி யாரும் இல்லாமல் எல்லாருமே சாதாரண சுயேச்சை என்றாலோ, ரெண்டு வெவ்வேறு பதிவு பெற்ற கட்சிகள் ஒரே சின்னத்தைக் கேட்டாலோதான் குலுக்கல். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி உத்திரமேரூரில் குடவோலை போட்ட ஊர்க்காரங்க நாம. சீட்டு எடுப்பது நமக்குப் புதுசு இல்லை.

எல்லாரும் டீதான் சொல்வாங்க

இதுவரை போட்ட கணக்கில் ஒரு பெரிய பொய் இருக்கு. யாரும் கண்ணை மூடிட்டுச் சின்னத்தைத் தொடுறதில்லை. வாக்காளர் மனசில் சட்டுனு பதியணும், சுவரில் வரைய ஈஸியா இருக்கணும், வீட்டில் தினமும் பார்க்கிற பொருளா இருந்தால் இன்னும் நல்லது. அதனால எல்லார் கையும் பட்டியலில் அதே சில சின்னங்கள் பக்கம்தான் போகும்.

இதன் விளைவை உள்ளாட்சித் தேர்தலில் நல்லாப் பார்க்கலாம். விழுப்புரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோது, கள்ளக்குறிச்சி உள்ளிட்ட புது மாவட்டங்கள் தனியாகப் பிரிந்ததால் மறுவரையறை முடியட்டும் என்று ஒன்பது மாவட்டங்களுக்கு மட்டும் தள்ளிப்போனது. அந்த ஒன்பதில் விழுப்புரமும் ஒண்ணு. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சார்பற்றவை. உதயசூரியனும் கிடையாது, இரட்டை இலையும் கிடையாது. போட்டியிடும் எல்லாருமே பட்டியலைப் பார்த்துத்தான் கேட்கணும்.

ஒரு ஊராட்சியில் தலைவர் பதவிக்கு 5 பேர், பட்டியலில் 20 சின்னம் என்று ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எல்லாரும் கண்ணை மூடித் தொட்டால் மோதல் வாய்ப்பு 42%. இப்போ அந்த 20-ல் நாலு சின்னம் மட்டும் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சது, ஒவ்வொருத்தரும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் அந்த நாலில் ஒண்ணைத்தான் கேட்பார்கள்னு மாத்திப் பாருங்க. மோதல் வாய்ப்பு 56% ஆகிடும். ஆளும் கூடலை, சின்னமும் குறையலை. ஆசை ஒரே பக்கம் சாய்ந்தது மட்டும்தான் மாற்றம்.

இது ஒரு பொது விதி. எல்லாரும் எல்லாத்தையும் சமமா விரும்பும்போதுதான் மோதல் வாய்ப்பு மிகக் குறைவு. விருப்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது ஏறத்தான் செய்யும். ரெண்டு பேர் மோதும் வாய்ப்பைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு சின்னத்தையும் ஒருத்தர் கேட்கும் வாய்ப்பை வர்க்கம் பண்ணிக் கூட்டினால் போதும். டீக்கடையில் 70% பேர் டீ, மற்ற மூணுக்கும் தலா 10% என்றால், ரெண்டு பேர் ஒரே ஐட்டம் சொல்ல 0.49 + 0.01 + 0.01 + 0.01, அதாவது 52%. சமமா இருந்தால் வெறும் 25%. பரீட்சைத் தாளில் 'சம வாய்ப்பு' என்று ஒரு வரி போட்டிருந்தால், அது இந்தத் தலைவலியைத் தவிர்க்கத்தான்.

இன்னொரு பொய்யும் இருக்கு: 'ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல்' என்பது. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். அந்த ஆறு பேரும் தற்செயலா ஒரே தொகுதியில் வந்து சேர என்ன நிகழ்தகவுன்னு கணக்கு போட உட்கார்ந்தால் நேரம்தான் வீண். அது தற்செயல் கணக்கே இல்லை. நிகழ்தகவின் ஒரு பயன் இதுதான்: நம்ப முடியாத அளவுக்குச் சின்ன எண் வந்தால், 'தனித்தனியா முடிவு எடுத்தாங்க' என்ற அனுமானத்தைச் சந்தேகப்படணும். பெயர் ஆறு பேருக்கும் ஒண்ணு என்றபோது, பிரிச்சுக் காட்ட மிஞ்சியது சின்னம்தான். முன்னாள் முதல்வருக்குக் கிடைத்தது பலாப்பழம். அவர் ரெண்டாவது இடம் வந்தார்.

விழுப்புரம் பானை

இந்தக் கணக்கில் உண்மையிலேயே ஒரு கட்சியின் எதிர்காலம் தொங்கியது விழுப்புரத்தில்தான். 2024-ல் விசிக ரெண்டு தொகுதிகளில் நின்றது. சிதம்பரத்தில் திருமாவளவன், விழுப்புரத்தில் ரவிக்குமார். திண்டிவனம், விக்கிரவாண்டி எல்லாம் விழுப்புரம் மக்களவைத் தொகுதிக்குள்தான் வரும். 2019-ல் ரவிக்குமார் உதயசூரியனில் நின்று ஜெயித்தவர். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று வெறும் 3,219 வாக்கில் கரை சேர்ந்தவர். 2024-ல் ரெண்டு பேருக்கும் பானை வேணும்னு கட்சி கேட்டது. பொதுச் சின்னமாகத் தர தேர்தல் ஆணையம் மறுத்தது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது.

பொதுச் சின்னம் கிடைக்காட்டி என்ன ஆகும்? ரெண்டு தொகுதியிலும் தனித்தனியா கேட்கணும். சுயேச்சை யாராவது பானை கேட்டால் கவலை இல்லை, மேலே சொன்ன விதிப்படி கட்சி வேட்பாளருக்குத்தான். ஆனா வேறொரு பதிவு பெற்ற கட்சி கேட்டால் குலுக்கல். ஒவ்வொரு தொகுதியிலும் அப்படி ஒரு கட்சி மட்டும் கேட்கிறதுன்னு வைங்க. ரெண்டு இடத்திலும் பானை கிடைக்க ½ × ½, அதாவது 25%. ரெண்டு இடத்திலும் கைவிட்டுப் போக இன்னொரு 25%. ஒரு இடத்தில் மட்டும் கிடைக்க 50%. அந்த 50% ரொம்ப மோசமான நிலை. ஒரே மேடையில் ரெண்டு சின்னத்தைக் காட்டி ஓட்டு கேட்கணும், அதில் ஒண்ணு பதினஞ்சு இருபது நாளுக்குள் புதுசா மக்கள் மனசில் பதியணும். நாம் தமிழர் கட்சிக்கு அதே தேர்தலில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். கரும்பு விவசாயி சின்னம் 'முதலில் கேட்டவருக்கு முதலில்' என்ற முறையில் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு கட்சிக்குப் போக, மைக்கோடு தொகுதி தொகுதியாக ஓட வேண்டி வந்தது.

விசிகவுக்குக் கடைசியில் மார்ச் மாத இறுதியில் ரெண்டு தொகுதியிலும் பானையே கிடைத்தது. ரெண்டிலும் ஜெயித்தார்கள். மாநிலக் கட்சி அங்கீகாரத்துக்கான வழிகளில் ஒண்ணு, அந்த மாநிலத்தின் ஒவ்வொரு 25 மக்களவைத் தொகுதிக்கும், அல்லது 25-ல் ஒரு பங்குக்கும், ஒரு எம்பி ஜெயித்திருக்கணும் என்பது. தமிழ்நாட்டில் 39 தொகுதி. 25-ஐத் தாண்டி 14 மிச்சம் இருப்பதால் தேவை 2 எம்பி. சிதம்பரம் ஒண்ணு, விழுப்புரம் ஒண்ணு. ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் இந்த வழி அடைபட்டிருக்கும். 2025 ஜனவரியில் அங்கீகாரம் வந்தது, பானையும் கட்சிக்கே ஒதுக்கப்பட்டது. அதனால தமிழ்நாட்டில் சுயேச்சைகள் கேட்கக்கூடிய பட்டியலில் இப்போ பானை இல்லை.